மாட்டுங்காவில் செய்த கண்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், மும்பையில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. செம்பூரில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். வேலை தாராவியில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு பட்டறையில். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. செக்கர் என்பார்கள். எனக்கு இடது கண் கிடையாது என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் அங்கே என் கைக்குத் தப்பிப் போன சட்டை குறைவு.

பதினோரு வயதில் கண் போனது. வேலியில் முள் குத்திவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு இமை உள்ளே விழுந்து, அந்தப் பக்கம் எப்போதும் மூடியேதான் இருக்கும். அம்மா இறந்த பிறகு, என் இருபத்தாறாவது வயதில், அண்ணன் என்னைத் தாராவிக்குத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். வந்த மாதமே ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் செயற்கைக் கண் வைக்க ஏற்பாடு செய்தான். ஒரு தட்டில் வரிசையாகக் கண்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஏறக்குறையப் பொருந்துகிற ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார்கள். கன்னங்கரேலென்று ஒரு கண். இருபத்திரண்டு வருடம் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அண்ணன் குடும்பம் பிறகு தாணேயில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போனது. இடம் போதாது என்பதால் நான் செம்பூரில் அறை எடுத்துக்கொண்டேன். சண்டை எதுவும் இல்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடுவார்கள், போவேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரைத் தவிர யாரிடமும் வாய் திறக்காமல் பொழுது சாய்ந்துவிடும். ரயிலில் இடது ஜன்னலோரம் கிடைத்தால்தான் உட்காருவேன். அப்போதுதான் அந்தக் கண் வெளிப்பக்கம் இருக்கும். பட்டறையிலும் சுவரை ஒட்டிய மேஜையைக் கேட்டு வாங்கியிருந்தேன். போட்டோ எடுக்கும்போது கடைசி ஆளாக, முகத்தை ஒருக்களித்து நிற்பேன். இதெல்லாம் பழகிப்போய், பழக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த மே மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எனக்கு மருமகள் முறை. நான் ஒரே அத்தை. அத்தை முறைக்கு முன்னால் நின்று செய்ய வேண்டியவை உண்டு. நிச்சயதார்த்தப் படங்களை அண்ணன் மனைவி, என் மதினி, எனக்குப் போனில் அனுப்பியிருந்தாள். கூடவே, “கண்ணு மட்டும் என்னமோ மங்கலாத் தெரியுது பாத்துக்கோ” என்று ஒரு வரி. அவள் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். வலது கண்ணில் ஈரம் மின்னியது. இடது கண்ணில் தூசி படிந்த மாதிரி ஒரு படலம்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. பட்டறையில் சட்டைமேல் எண்ணெய்க் கறையோ மைக்கறையோ இருந்தால் ஒரு மருந்தைப் பீய்ச்சி எடுப்போம். தின்னர் மாதிரி நெடி அடிக்கும். எப்பேர்ப்பட்ட கறையும் போய்விடும். அதில் கொஞ்சம் ஒரு சின்ன பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணைக் கழற்றி, பஞ்சில் தொட்டு, அழுத்தித் துடைத்தேன். இருபது வருடமாகக் கறை எடுக்கிறவள், எனக்குத் தெரியாததா என்கிற நினைப்பு.

இரண்டாவது தடவை தேய்க்கும்போதே பஞ்சு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் நூல் நூலாக வந்தது. தண்ணீரில் போட்டுக் கழுவிப் பார்த்தேன். மேல்பரப்பு முழுக்க வெள்ளை பூத்து, பஞ்சின் இழை பதிந்து, சுண்ணாம்பு அப்பிய மாதிரி ஆகியிருந்தது. உள்ளே இருந்த கறுப்பு தெரியவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழுகைகூட வரவில்லை. யாருக்குப் போன் பண்ணிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். ஒரு பெயரும் தோன்றவில்லை.

மறுநாள் இடது கண்மேல் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கண்வலி என்று சொல்லிவிட்டேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்நோய் என்று நினைத்தோ என்னவோ எழுந்து தள்ளிப் போய் நின்றாள். அண்ணனுக்குப் போன் செய்தேன். மதினிதான் எடுத்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “மாப்ள வீட்டுக்காரங்க முன்னால கட்டு போட்டுக்கிட்டு நின்னா என்ன ஏதுன்னு கேப்பாவல்லா? முடியலன்னா நீ பந்தி நேரத்துக்கு மெதுவா வந்தாலும் போதும்” என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செம்பூர் கண்ணாடிக் கடைக்காரர்தான் அந்த முகவரியைத் தந்தார். மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. வியாழக்கிழமை காலை லீவு போட்டுப் போனேன். வயதான டாக்டர் யாராவது இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனால், முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், தலையில் முக்காடும் அதற்குமேல் தூசுக்கண்ணாடியுமாக, எதையோ சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் அடிப்பது போல ஒரு கார நெடி. நான் திக்கித் திக்கி ஹிந்தியில் ஆரம்பித்ததும், “தமிழ்லயே பேசுங்கக்கா. வாப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். நான் தாராவியிலதான் பொறந்தேன். பேசுவேன், படிக்கத்தான் வராது” என்றாள்.

கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்த கண்ணை அவிழ்த்துக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அரே அல்லா! இதுல என்னக்கா போட்டீங்க?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் மாவு போல வெள்ளைத் தூள். இன்னொன்றில் தண்ணீர் போல ஒரு திரவம். திறந்ததும் மூக்கில் ஏறியது.

“எல்லாரும் கண்ணாடிக் கண்ணுன்னு சொல்றாங்க. இது கண்ணாடியே இல்ல, அக்ரிலிக். பல்செட், பைக்குக்குப் பின்னாடி செவப்பு லைட்டு, கடை போர்டு எல்லாம் இந்தச் சாமான்தான். கண்ணாடின்னா கீழ விழுந்தா தூளு. இது உடையாது, லைட்டா இருக்கும், வெளிச்சத்த அப்படியே விடும். ஆனா கீறல் விழும். ஸ்பிரிட்டு, தின்னர் பட்டா அவ்ளோதான்.”

பிறகு தூளில் திரவத்தைக் கொஞ்சம் விட்டுக் கலக்கிக் காட்டினாள். முதலில் ஈர மணல் மாதிரி இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நூலாக இழுத்தது. அப்புறம் சப்பாத்தி மாவு மாதிரி திரண்டது. இரண்டும் அடிப்படையில் ஒரே பொருள்தானாம். தூள் ஏற்கெனவே இறுகிப்போனது, திரவம் இன்னும் இறுகாதது. திரவம் தூளுக்குள் புகுந்து அதை இளக்குகிறது. அச்சில் வைத்து வெந்நீரில் வேக வைத்தால் திரவமும் இறுகி எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

“உங்க தின்னரும் அப்படித்தான் உள்ள பூந்துச்சு. ஆனா அதுக்கு எளக்கத்தான் தெரியும், எறுகத் தெரியாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “டைம் கம்மி. பண்ணிடலாம், டென்ஷன் வேணாம்” என்றாள். அன்றே கண்குழியில் குளிர்ச்சியாக ஒரு பசையை ஊற்றி அளவெடுத்தாள். பிறகு மெழுகில் ஒன்று செய்து மாட்டிப் பார்த்து, சுரண்டிச் சுரண்டிச் சரி செய்தாள்.

வெள்ளிக்கிழமைதான் வண்ணம் தீட்டுவது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, எதிரே முழங்கால் இடிக்கும் தூரத்தில் அவள் உட்கார்ந்தாள். கையில் ஒரு சின்ன வட்டத் தகடு, முடி போன்ற தூரிகை. என் வலது கண்ணைப் பார்ப்பாள், ஒரு புள்ளி வைப்பாள், மறுபடி பார்ப்பாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் தானாகத் திரும்பிவிட்டது.

“அக்கா, என்னைப் பாருங்க. நீங்க செவுத்தையே பாத்தா நான் எதப் பாத்து வரையறது?”

திரும்பினேன். இரண்டு நிமிடம் தாங்க முடிந்தது. மறுபடி சுவர். அவள் அலுக்காமல் மறுபடி சொன்னாள். இப்படி ஒரு பத்துத் தடவை நடந்திருக்கும். பிறகு எப்போது நிலைத்தது என்று தெரியாது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது. என் வாழ்க்கையில் என் முகத்தை அவ்வளவு நேரம் ஒருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேலைக்காகத்தான் பார்த்தாள், தெரியும். இருந்தாலும் முகத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

வெள்ளை விழிக்கு அவள் லேசாக மஞ்சள் சேர்ப்பதைப் பார்த்துவிட்டு, “நல்லா வெள்ளையா வைம்மா, கல்யாணத்துக்கு” என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

“உங்க வலது கண்ணுக்கு வயசாச்சுல்ல? உங்க பழசு இருபத்தாறு வயசுலயே நின்னு போச்சு. மத்லப், அதாவது, ஒரே மூஞ்சில ரெண்டு வயசு. பாக்கறவங்களுக்கு எங்கயோ இடிக்கும், ஏன்னு சொல்லத் தெரியாது.”

சொல்லிக்கொண்டே மெல்லிய சிவப்புப் பட்டு இழைகளை எடுத்து, நரம்பு போல ஒவ்வொன்றாகப் படிய வைத்தாள். அப்படியே, ஏதோ படிவத்தில் எழுதக் கேட்பது போல, “எப்படிக்கா அடிபட்டுச்சு?” என்றாள்.

முள் குத்திவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பத்தேழு வருடமாகச் சொல்லி வருவதுதானே. என்ன ஆனதென்று தெரியவில்லை, வேறு சொல் வந்தது. “எங்க அண்ணன்” என்றேன்.

குடைக்கம்பியில் வில்லும் அம்பும் செய்து வைத்திருந்தான். அவனுக்குப் பதினான்கு வயது. வேலியில் இருந்த ஓணானைக் குறி வைத்தான். நான் அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். அவன் வெலவெலத்துப் போய் நின்றான். அம்மா ஓடி வந்து கேட்டபோது முள் குத்திவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவன் கெஞ்சவில்லை, கேட்கவும் இல்லை. அடி வாங்குவானே என்று எனக்கே தோன்றிச் சொன்னேன். அதன்பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை. மும்பைக்குக் கூட்டி வந்தான், சோறு போட்டான், வேலைக்குச் சேர்த்துவிட்டான். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். தோளைப் பார்ப்பான், தரையைப் பார்ப்பான். முகம் அத்தனை விகாரமாக இருக்கிறது போல என்று நானும் என்னை மறைத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். அவள் தூரிகையை நிறுத்தவில்லை. “அச்சா” என்றாள். கொஞ்சம் கழித்து, “இப்ப அசையாதீங்க, கண்ணு நெறைஞ்சிருக்கு, கலர் சரியாத் தெரியல. தொடச்சிக்கோங்க” என்று பஞ்சு தந்தாள். அவ்வளவுதான். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன்.

சனிக்கிழமை மேலே தெளிந்த அக்ரிலிக்கை வைத்து வேக வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் தாணேயில் பெண்ணழைப்பு. எப்படியாவது நாலு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று நான் அவளைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். மணிக்கு நாலு தடவை கேட்டிருப்பேன். மூன்று மணிக்கு அச்சை உடைத்து எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கருவிழிக்கு மேலே, தெளிந்த பகுதிக்குள், கடுகளவில் நாலைந்து குமிழிகள்.

“என் தப்புக்கா. உங்க அவசரத்துக்குத் தண்ணிய சீக்கிரம் கொதிக்க விட்டுட்டேன். உள்ள எறுகறதுக்கு முன்னாடியே அது கொதிச்சிருச்சு.”

யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள், இதையே மாட்டிவிடு என்றேன். அவள் ஒப்பவில்லை. தேய்க்கும்போது குமிழி திறந்து குழியாகும், அதில் அழுக்குச் சேர்ந்து இமை புண்ணாகும் என்றாள். மேல் அடுக்கை மட்டும் ராவி எடுத்து, அழிந்த இடத்தில் மறுபடி வண்ணம் வைத்து, மறுபடி வேக வைக்க வேண்டும். இந்த முறை மெதுவாக. நான் மதினிக்குப் போன் செய்து, சாயங்காலம் வர முடியாது, காலையில் வந்துவிடுகிறேன் என்றேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. “சரி சரி” என்று வைத்துவிட்டாள்.

அந்த நான்கைந்து மணி நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். மருமகளை அலங்கரித்து அழைத்து வரும்போது நான் அங்கே இல்லை என்பதை யாராவது கேட்டிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கீழே போய்த் தனக்கும் எனக்கும் வடா பாவ் வாங்கி வந்தாள். அச்சைப் பார்த்தபடியே தின்றோம். ஏழரைக்குப் பாலிஷ் போட்டு, கழுவி, மாட்டிவிட்டு, கண்ணாடியைக் கையில் தந்தாள். பார்த்தேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போன ஒரு நாற்பத்தெட்டு வயதுக்காரியின் முகம். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி களைத்திருந்தன.

மறுநாள் காலை தாணே மண்டபத்துக்குள் நுழைந்தேன். மதினி என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா, நல்லவேளை. அந்தத் தாம்பாளத்தத் தூக்கு” என்றாள். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் அத்தை என்று கட்டிக்கொண்டாள், அவளும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சிரித்துப் பேசினார்கள். அத்தை முறைகளை எல்லாம் முன்னால் நின்று செய்தேன். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. தாலி கட்டி முடிந்து கூட்டம் கலையும்போது அதே விஷயம் பெரிய பாரமாக இறங்கியது. இத்தனை வருடமும் யாருக்காக ஒளிந்துகொண்டிருந்தேன்? யாரும் பார்க்கவே இல்லையே.

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். பந்தி நடக்கும் இடத்துக்கு ஓரமாக, பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டையெல்லாம் சந்தனமாக, தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு நாற்காலியை இழுத்து, பக்கவாட்டில் அல்ல, நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

“சாப்டியாட்டி?” என்றான், என் தோளைப் பார்த்து.

“அண்ணே, என் மூஞ்சியப் பாரு.”

அவன் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். “பாரு அண்ணே” என்றேன் மறுபடியும். நிமிர்ந்தான். மேலே, கீழே, பிறகு அந்தக் கண்ணில் வந்து பார்வை நின்றது.

“கறுப்பு இல்லியே இது” என்றான்.

“இல்ல. இந்தக் கண்ணப் பாத்து வரஞ்சது.”

“ஆமா. ஒனக்குக் கறுப்பு கெடையாது. கடுங்காப்பி நெறம்லா.” பாட்டில் மூடியை இறுக்கி மூடினான். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில தட்டுல காட்டும்போதே எனக்குத் தெரியும், இது இல்லன்னு. சொல்லத் தோணல.”

என் கண்ணின் நிறம் எனக்கே அந்தப் பெண் வண்ணம் குழைத்தபோதுதான் சரியாகத் தெரிந்தது. இவன் அதை முப்பத்தேழு வருடமாக மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

பிறகு அவன் மிகவும் சின்னக் குரலில் கேட்டான்: “வலிக்குதாட்டி?”

புதுக் கண் உறுத்துகிறதா என்று கேட்டானா, அன்றைக்குப் பட்டதைக் கேட்டானா தெரியவில்லை. “இல்ல அண்ணே, இப்ப வலிக்கல” என்றேன். அவன் கண் கலங்கியது. அதற்குள் போட்டோவுக்கு வரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அண்ணன் என் அறைக்கு அடிக்கடி வருவதும் இல்லை, அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை கண்ணைப் பாலிஷ் போட மாட்டுங்காவுக்குப் போகிறேன். அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, தின்னர் பக்கம் போகவில்லையே என்று கேட்டு அனுப்பிவிடுகிறாள். மற்ற நாட்களில் வழக்கம்போல் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். ஆனாலும், சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இரண்டு பேரை ஒரே வீட்டுக்குள் எவ்வளவு தூரத்தில் நிறுத்திவிடும் என்பதையும், முன்பின் தெரியாத ஒருத்தி முகம் சுளிக்காமல் இரண்டரை மணி நேரம் பார்த்ததில் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது என்பதையும், யாராவது என்னிடம் பேசும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.